கர்னல் மாறிய மறுநாள் திரை கெட்டால், கிராபிக்ஸ் கார்டைக் கழற்ற விடாதீர்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு சர்வீஸ் கடையில் நல்ல நிலையில் இருந்த கிராபிக்ஸ் கார்டை நான் இழந்தேன். லினக்ஸ் பயன்படுத்தும் வேறு எவரும் இப்படி இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். கர்னல் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி; அப்டேட்டுகளில் அதுவும் மாறும்.

அல்சூரில் வீட்டிலிருந்தபடியே தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தருவது என் தொழில். இரண்டு மானிட்டர்கள் இல்லாமல் அந்த வேலை நகராது. கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 இருந்தது; உள்ளே ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு. 2024 ஜனவரியில் ஒரு நாள் இரவு வழக்கமான அப்டேட்டை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது ஒரு மானிட்டர் இருண்டு கிடந்தது; மற்றொன்றில் எழுத்துகள் பெருத்து, திரை 1024 × 768 அளவுக்குச் சுருங்கியிருந்தது. செட்டிங்ஸில் வேறு அளவைத் தேர்ந்தெடுக்கவும் வழி இல்லை. அந்த வாரம் அச்சுக்குப் போக வேண்டிய நூல் ஒன்று பாதியில் நின்றதால், நிதானமாக ஆராயாமல் சி.பி.யூ.வை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் இருந்தவர் தருமபுரிப் பக்கத்துத் தமிழர். அவர் தமிழில் பேசியதும் எனக்கு ஏற்பட்ட நம்பிக்கைதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வழிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "சார், கார்டு போயிடுச்சு, சிப்பே அடிவாங்கிடுச்சு. இதே மாடல் கையில இருக்கு, மாத்திடலாம்" என்றார். பழைய கார்டுக்கு 500 ரூபாய் கழித்துக்கொண்டு, ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட அதே மாதிரிக் கார்டுக்கு 8,500 ரூபாயும் சர்வீஸுக்கு 600 ரூபாயும் போட்டார். மாலையில் கணினியை ஓட்டிக் காட்டியபோது இரண்டு மானிட்டர்களும் பழையபடி ஒளிர்ந்தன. பில் கேட்டதற்கு, கடைப்பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து, ஓடும் கர்னலின் பதிப்பைக் காட்டும் 'யூநேம் -ஆர்' கட்டளையை ஓட்டியபோதுதான் உறுத்தியது. முந்தைய இரவு 6.5 கர்னலுக்கு மாறிய கணினி, இப்போது 6.2-இல் ஓடிக்கொண்டிருந்தது. தொடங்கும்போது எந்தக் கர்னலை ஏற்றுவது என்று முடிவுசெய்யும் கிரப் மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால், பழைய கர்னலே எப்போதும் ஏற வேண்டும் என்று அன்று பிற்பகலில் மாற்றி எழுதப்பட்டிருந்தது. கணினியை அணைத்து, தொடங்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தி, கிரப் மெனுவில் 6.5-ஐத் தேர்ந்தெடுத்தேன். பணம் கொடுத்து வாங்கி வந்த கார்டிலும் அதே இருண்ட மானிட்டர், அதே பெருத்த எழுத்துகள். கார்டை மாற்றியதால் எதுவும் சரியாகவில்லை. பழைய கர்னலுக்குத் திருப்பியதால்தான் சரியானது. அதைத் தன் கையாலேயே செய்தவருக்கு, கார்டில் பழுது இல்லை என்பது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

உண்மையான காரணம் இதுதான். கார்டை இயக்கும் மென்பொருளான என்விடியா டிரைவர் கர்னலோடு சேர்ந்து வருவதில்லை. என் கணினியில் இருந்த அமைப்பில், ஒவ்வொரு புதிய கர்னல் வரும்போதும் டி.கே.எம்.எஸ். என்ற கருவி அந்த டிரைவரை அதற்கேற்ப மறுபடி கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்ற, வேண்டும். உபுண்டு 22.04-இன் இயல்பான கம்பைலர் ஜி.சி.சி. 11. அப்போது வந்த 6.5 கர்னலோ ஜி.சி.சி. 12-ஆல் உருவாக்கப்பட்டது, 11-க்குத் தெரியாத ஒரு கம்பைலர் விருப்பத்தை அது கேட்டது. அதனால் கம்பைல் பாதியில் முறிந்தது; டிரைவர் இல்லாமலே கணினி ஏறியது. டி.கே.எம்.எஸ். விட்டுச்சென்ற மேக்.லாக் கோப்பின் இறுதிப் பகுதியில் இது வெளிப்படையாகவே பதிவாகியிருந்தது. ஜி.சி.சி. 12-ஐ நிறுவி, அதைக் கொண்டே டிரைவரை மறுபடி கம்பைல் செய்து, கணினியை மீண்டும் தொடங்கியதும் 6.5-இலேயே இரண்டு திரைகளும் வந்துவிட்டன. இந்த வேலைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ஆகவே கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு திரை கெட்டால், எந்தக் கடைக்கும் போவதற்கு முன் கிரப் மெனுவில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். உபுண்டு அதை உடனே நீக்கிவிடுவதில்லை. அதில் திரை சரியாக வந்தால், பழுதை மென்பொருளில்தான் முதலில் தேட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: தனிக் கார்டில் மானிட்டரைச் செருகியிருந்தால், கணினியைப் போட்டதும் வரும் பயாஸ் திரையும் அந்தக் கார்டு வழியாகத்தான் வருகிறது. என் கணினியில் அது தெளிவாகவே வந்தது; அதைக் காட்டி ஒரு கேள்வி கேட்டிருந்தாலே போதும். பயாஸ் திரையிலேயே கோடுகளும் புள்ளிகளும் சிதறினால், அப்போது கார்டைச் சந்தேகிக்கலாம். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயக்கத்தில் உள்ள கணினிகளில், டிரைவர் சரியாகக் கம்பைல் ஆகியும் கையொப்பம் ஏற்கப்படாததால் கர்னல் அதை மறுக்கக்கூடும். அதற்கும் கார்டுக்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய் என் கார்டைத் திருப்பிக் கேட்டேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். கழற்றும் பாகத்தின் சீரியல் எண்ணைப் படம் எடுக்காமலும், பாகம் என் கையில் திரும்பி வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாமலும் விட்டது எனக்குப் பெரிய இழப்பாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையான பில் தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகக் கொள்கிறது. துண்டுச்சீட்டு, யூ.பி.ஐ. ரசீது, கிரப் கோப்பு மாற்றப்பட்ட நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட், மேக்.லாக் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதில் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.