கடலோர வீட்டுக்கு நட், போல்ட் டப்பா செட் வாங்கலாமா?

பல அளவு நட், போல்ட், வாஷர் கலந்து ஒரே டப்பாவில் வரும் செட்டுகள் வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு வசதியானவை. கட்டில், அலமாரி, மேசை என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடலூர் தேவனாம்பட்டினம், புதுச்சேரி வைத்திக்குப்பம் போன்ற கடலோரத்தில் கேட், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், துணிக்கொடிக் கம்பிக்கு அவை சரிப்படாது.

காரணம் பூச்சு. விலை குறைந்த செட்டுகள் பெரும்பாலும் ஜிங்க் பூசிய இரும்பு. பூச்சின் கனம் 5 முதல் 8 மைக்ரான்தான். உப்பு ஈரம் மரை இடுக்கில் தங்கித் துருவை உள்ளிருந்து வளர்க்கும். தலை பளபளவென்று இருக்கும்போதே நட் இறுகிப் போய், கழற்ற ஹேக்ஸா எடுக்க வேண்டி வரும்.

ஸ்டெயின்லெஸ் செட் என்றால் போல்ட் தலையைப் பாருங்கள். ஏ2-70 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316. குறியே இல்லாததை வெளிவேலைக்கு நம்ப வேண்டாம், மலிவான 202 ஆக இருக்கலாம். காந்தம் வைத்துப் பார்ப்பது சரியான சோதனை இல்லை. போல்ட்டாக அடித்து உருவாக்கும்போது நல்ல 304-லும் லேசாகக் காந்தம் ஒட்டும். அலைச் சாரல் படும் வீட்டில் 304-லும் பழுப்புக் கறை வரும். அங்கே 316-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

ஸ்டெயின்லெஸ்ஸில் இன்னொரு தொல்லை: ட்ரில் மெஷினில் வேகமாக முடுக்கினால் மரையும் மரையும் உரசி ஒட்டிக்கொள்ளும். பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது. மரையில் துளி கிரீஸ் தடவி, கை ஸ்பேனரால் நிதானமாக முடுக்குங்கள்.

டப்பாவில் எல்லாம் மில்லிமீட்டர் அளவு. பழைய கேட்டிலும் கிரில்லிலும் இருப்பது நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கணக்காக இருக்கலாம். இரண்டரை நூல் போல்ட் 7.94 மி.மீ.; எம்8 (8 மி.மீ.) நட் அதில் இரண்டு மூன்று மரை ஏறி நின்றுவிடும். எண்ணெய் விட்டு அழுத்தித் திருகினால் இரண்டுமே பாழ். ஸ்கேல் வைத்துப் பத்து மரையை அளந்தால் தெரிந்துவிடும்: 12.5 மி.மீ. என்றால் எம்8, 14 மி.மீ. என்றால் இரண்டரை நூல்.

நீளத்திலும் செட் காலை வாரும். 18 மி.மீ. பிளைவுட்டை 3 மி.மீ. ஆங்கிளில் மாட்ட எம்8 போதும். இரண்டு வாஷருக்கு 3.5, நட்டுக்கு 6.5, வெளியே நீட்ட 2.5 சேர்த்தால் 33.5, அதாவது 35 மி.மீ. போல்ட். டப்பாவில் இருப்பது 20, 25 என்றால் உதவாது. மரப்பக்கம் 24 மி.மீ. அகல வாஷர் வேண்டும். செட்டில் வரும் 16 மி.மீ. வாஷர் முடுக்க முடுக்கப் பிளைவுட்டில் புதைந்துவிடும். இந்த அகல வாஷர் இல்லாததுதான் செட்டின் பெரிய குறை.

வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு ஐந்துக்கு நான்கு தரலாம், வெளிவேலைக்கு ஒன்று. வெளிவேலைக்கு ஹார்டுவேர் கடையில் எம்6, எம்8 மட்டும் 304-ல் (அலைச் சாரல் படும் வீடென்றால் 316-ல்) சில்லறையாக எண்ணி வாங்குங்கள். கழற்றிய பழைய போல்ட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே நட்டைக் கடைசி மரை வரை விரலால் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.