சென்னை – பெங்களூரு: ஒரு மணி நேர விமானமா, நாலரை மணி நேர ரயிலா?

வரைபடத்தில் அளந்தால் மீனம்பாக்கத்திலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர்தான். ரயில் பாதையில் 362, சாலையில் ஏறக்குறைய 350. டிக்கெட்டில் விமானத்துக்கு ஒரு மணி நேரம் சொச்சம் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துதான் பலரும் யோசிக்காமல் விமானத்தை புக் செய்கிறார்கள், எனக்கு அங்கேதான் ஆட்சேபம்.

அந்த ஒரு மணி நேரத்திலேயே முழு வேகப் பறத்தல் ரொம்பக் கொஞ்சம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, காற்று கிழக்கிலிருந்து அடித்தால் கடல் பக்கமாக எழும்பித் திரும்புவது, மேலே போனதும் உடனே இறங்க ஆரம்பிப்பது என்று நேரம் கரைந்துவிடும். இதற்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் பெரிய கணக்கு. மயிலாப்பூரிலிருந்து பசவனகுடிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையம் போய்ச் சேர முக்கால் மணி, பெட்டி போட, சோதனை முடிக்க ஒன்றரை மணி, பயணம் ஒன்றேகால், பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி, அப்புறம் தேவனஹள்ளியிலிருந்து ஹெப்பாள் மேம்பால நெரிசலைத் தாண்டி ஊருக்குள் வர ஒன்றரை மணிக்குக் குறையாது. கூட்டினால் ஐந்தரை.

வந்தே பாரத் சென்ட்ரலிலிருந்து பெங்களூரு சிட்டி ஸ்டேஷனுக்கு நாலரை மணிக்குள் போய்விடுகிறது. 2022 நவம்பரில் முதல் வண்டி வந்தது, தென்னிந்தியாவுக்கே அதுதான் முதல் வந்தே பாரத். இப்போது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று; மாலை வண்டி சிட்டி ஸ்டேஷனுக்குப் பதில் பையப்பனஹள்ளி பக்கத்து விஸ்வேஸ்வரய்யா முனையத்துக்குப் போகும், இங்கே என் கணக்கு காலை வண்டிக்கு. வீட்டிலிருந்து சென்ட்ரல் அரை மணி, கொஞ்சம் முன்னதாகப் போக இருபது நிமிடம், சிட்டி ஸ்டேஷனில் இறங்கியதும் பக்கத்திலேயே மெஜஸ்டிக் பஸ் நிலையம், மெட்ரோ. மொத்தம் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அதாவது விமானம் மிச்சப்படுத்துவது அரை மணி. அந்த அரை மணிக்காக நாலு இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். ரயிலிலோ காட்பாடி தாண்டி ஜோலார்பேட்டை வரைக்கும் உட்கார்ந்த இடத்திலேயே வேலையை முடிக்கலாம், தூங்கலாம், குழந்தைக்குச் சோறு ஊட்டலாம். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி. சதாப்தி இதைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் ரயில் என்று சொல்ல மாட்டேன். எலஹங்கா, ஹெப்பாள் பக்கம் வேலை இருந்தால், சென்னையில் பல்லாவரம், குரோம்பேட்டையில் வீடு இருந்தால், தாராளமாக விமானம். இரண்டு முனையிலும் விமான நிலையம் கிட்டத்தில் இருப்பதால் நாலு மணிக்குள் வேலை முடிந்துவிடும். பெங்களூரில் இறங்கி டெல்லிக்கோ வெளிநாட்டுக்கோ மாறிப் போகிறவர்களும் அப்படித்தான்.

எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்கள் பஸ்ஸை மறந்துவிட வேண்டாம். ஓசூர் வழியாகப் போகும் இரவு பஸ் ஊருக்குள் நுழையுமுன்னே அங்கே இறக்கிவிடும், விமானத்தில் போனாலோ அதே இடத்துக்கு நகரத்தை வடக்கிலிருந்து தெற்காக முழுக்கக் கடந்து வரவேண்டும்.

ரயிலில் ஒரே சிக்கல் டிக்கெட். வெள்ளி மாலை, ஞாயிறு மாலை என்றால் காத்திருப்போர் பட்டியல்தான். ஆனால் அதே நாட்களில் விமானக் கட்டணமும் எகிறிவிடும், அதனால் தேதி தெரிந்த அன்றைக்கே ரயிலைப் பதிவு செய்துவிடுங்கள்.