வெளிமாநில எல்க் வேட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது? டல்லாஸிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

டெக்சாஸ் வேட்டைக்காரனின் பெரிய குறை நிலம். மாநிலத்தின் நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியாருக்குச் சொந்தம். வேலிக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமானால் உரிமையாளருக்குப் பணம் கட்ட வேண்டும். யாருக்கும் நில வாடகை கொடுக்காமல் மலையேறி எல்க் மானைத் தேட ஆசைப்படுகிறவர் நியூ மெக்சிகோ, கொலராடோ, வயோமிங் என்று மேற்கே வண்டியைத் திருப்பத்தான் வேண்டும். டல்லாஸ் பக்கம் குடியேறியதிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது என்று கணக்குப் போட்டு வருகிறேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். இங்கே மாநில வனவிலங்குத் துறை ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை விலங்கு இருக்கிறது, எத்தனையை எடுக்கலாம் என்று மதிப்பிட்டு அதற்கேற்ப அனுமதி தருகிறது. இன்ன பகுதி, இன்ன தேதிகள், இன்ன விலங்கு ஒன்று என்று வரையறுத்துத் தரும் அந்த அனுமதிச் சீட்டுதான் டேக். கேட்பவர் அதிகம், சீட்டு குறைவு என்பதால் குலுக்கல் நடக்கிறது. அந்தக் குலுக்கலின் விதி மாநிலத்துக்கு மாநிலம் அடியோடு மாறுகிறது.

வெளிமாநிலத்தவர் பின்வரிசையில்தான் நிற்கிறோம் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மனம் நோகாது. மேற்கின் காடுகளில் பெரும்பகுதி மத்திய அரசின் நிலம். ஆனால் அதில் மேயும் விலங்கு மாநில மக்களின் பொதுச்சொத்தாகக் கருதப்படுகிறது. மொன்டானா உள்ளூர்க்காரரிடம் 30 டாலரும் வெளியாரிடம் 225 டாலரும் வாங்கியதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆண்டு முழுவதும் அந்த விலங்குகளோடு வாழ்ந்து, வேலி சேதத்தையும் சாலை விபத்தையும் தாங்குகிறவர்கள் அவர்கள்தான்.

இனி புள்ளிகள். பல மாநிலங்களில் சீட்டு கிடைக்காத ஆண்டுக்கு ஒரு புள்ளி சேரும். புள்ளி கூடக் கூட வாய்ப்பும் கூடும் என்பது ஏற்பாடு. பிரபலமான பகுதிகளில் இது வேறு மாதிரி முடிகிறது. ஒரு பகுதியில் ஆண்டுக்கு 10 சீட்டு, உச்சப் புள்ளியோடு காத்திருப்பவர் 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களை அனுப்பி முடிக்கவே 20 ஆண்டுகள் ஆகும். இன்று சேருகிறவர் அந்த வரிசைக்கும் பின்னால் நிற்கிறார். நாம் ஒரு புள்ளி சேர்ப்பதற்குள் தேவைப்படும் புள்ளியும் ஒன்று உயர்ந்துவிடுகிறது. கொலராடோவின் வடமேற்கு மூலையில் இருக்கும் 2, 201 என்று எண்ணிட்ட பகுதிகளின் எல்க் வேட்டை இதற்குத் தெரிந்த உதாரணம். நாற்பது வயதில் தொடங்குகிறவருக்கு அந்தச் சீட்டு கைக்கு வரும்போது, மலைச் சரிவில் இறைச்சியைச் சுமக்க முழங்கால் ஒத்துழைக்காது.

ஆகவே என்னிடம் வந்து, "அண்ணா, எந்த மாநிலத்தில் கொம்பு பெரிதாக இருக்கும்?" என்று கேட்கும் தம்பிகளிடம், "அடுத்த மூன்று ஆண்டுக்குள் எங்கே போக முடியும் என்று கேளுங்கள்" என்பேன். வேட்டை போய்ப் போய்த்தான் கைவரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மதிய வெயிலில் எல்க் எந்தச் சரிவில் படுக்கிறது என்பதெல்லாம் புள்ளி சேர்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் தெரியாது.

இந்தக் கணக்கில் எனக்கு முதலில் நிற்பது நியூ மெக்சிகோ. அங்கே புள்ளியே கிடையாது. இருபது ஆண்டுகளாக விண்ணப்பிப்பவரும் நேற்று வந்தவரும் ஒரே பானையில்தான் இருக்கிறார்கள். சீட்டுகளில் 84 சதவீதம் மாநிலவாசிகளுக்கு, 10 சதவீதம் வழிகாட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு, மீதி 6 சதவீதம் வழிகாட்டி இல்லாமல் வரும் வெளிமாநிலத்தவருக்கு. 6 என்ற எண் மிரட்டும். ஆனால் விதியின் உள்ளே ஒரு வசதி இருக்கிறது. ஒருவரது எண் குலுக்கலில் வந்தால், அவருடைய மூன்று தேர்வுகளையும் பார்த்து முடித்த பிறகே அடுத்தவரிடம் போகிறார்கள். ஆகவே முதல் தேர்வாக கீலா மலையின் பெயர் பெற்ற பகுதி ஒன்றைத் துணிந்து போடலாம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கூட்டம் குறைவான வேட்டையைப் போடலாம். பெரிய ஆசை சிறிய ஆசையைக் கெடுக்காது. டேக்கின் முழுக் கட்டணத்தையும் மார்ச் மாதத்திலேயே கட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் அது திரும்பி வரும், வேட்டை உரிமத்துக்குக் கட்டிய பணம் வராது. கடன் அட்டையில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

வயோமிங்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். வெளிமாநிலத்தவரிடம் அது கறாராகவும் இருக்கிறது, தாராளமாகவும் இருக்கிறது. அங்கே வெளியாருக்கான சீட்டுகளில் 75 சதவீதம் புள்ளி வரிசைப்படி, 25 சதவீதம் குருட்டுக் குலுக்கல். புள்ளி இல்லாதவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. எல்க் டேக் 692 டாலர். கூட்டம் குறைந்த 'சிறப்பு' வரிசையில் நிற்க வேண்டுமானால் 2024இலிருந்து 1,950 டாலர். முதல் தேர்வு கிடைத்தால் மட்டுமே புள்ளி கழியும். எல்க் விண்ணப்பம் பிப்ரவரித் தொடக்கத்தில் மூடிவிடும். மானுக்கும், திறந்த சமவெளியில் வாழும் மறிமான் போன்ற பிராங்ஹார்னுக்கும் ஜூன் வரை நேரம் இருக்கிறது.

வாய்ப்பு விகிதப் பட்டியலில் சில வயோமிங் பகுதிகள் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிதாகத் தெரியும். அங்கே நின்று காரணம் கேட்க வேண்டும். பெரும்பாலும் விடை இரண்டில் ஒன்று. முதலாவது, மாநிலச் சட்டப்படி, மத்திய அரசு 'வில்டர்னஸ்' என்று அறிவித்த காட்டுக்குள் வெளிமாநிலத்தவர் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் பெரிய விலங்கு வேட்டையாடக் கூடாது. டீட்டன், வாஷாக்கி போன்ற காடுகளைத் தொடும் பகுதிகளில் டேக் கிடைத்தும் நல்ல மலைகள் நமக்கு மூடியிருக்கும். இரண்டாவது, நிலம் சதுரங்கக் கட்டம் மாதிரி கிடப்பது. தெற்கு வயோமிங்கில் 19ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என்று நிலம் கொடுத்தார்கள். அதனால் பொது நிலக் கட்டங்கள் மூலைக்கு மூலை மட்டுமே தொடுகின்றன. எல்க் மவுன்டனில் மிசௌரியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் மூலையில் ஏணி வைத்து, தனியார் மண்ணை மிதிக்காமல் பொது நிலத்திலிருந்து பொது நிலத்துக்கு இறங்கினார்கள். நில உரிமையாளர் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் பத்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ எல்லாம் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகின்றன. மொன்டானாவும் ஐடஹோவும் வரவில்லை. சாதாரண வேட்டைக்காரனுக்கு என் காலத்தில் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இது என்றே சொல்வேன். ஆனாலும் மூலையின் இடத்தைக் கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. சில அடி பிழை இருந்தாலும் அத்துமீறல் ஆகிவிடும். நிலத்தில் பதித்திருக்கும் அளவைக் குறியைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

புதிதாக வருகிறவர்களை நான் முதலில் அனுப்புவதும் வயோமிங்குக்குத்தான், பிராங்ஹார்ன் வேட்டைக்கு. திறந்த வெளியில் பகல் முழுக்க விலங்கு கண்ணில் படும்; ஒரு முயற்சி வீணானால் மதியத்துக்குள் இன்னொன்று கிடைக்கும். அதை நெருங்குவதுதான் பாடு. பிராங்ஹார்னின் கண் மிகக் கூர்மையானது. பெரும்பாலும் முழங்கால் உயரமே இருக்கும் சேஜ் புதர்களுக்கு இடையே வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். உள்ளங்கையில் அந்த இலையின் கசப்பு மணம் ஏறிவிடும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளி முள் முழங்கால் துணியைத் துளைத்து உள்ளே ஒடியும். சுட்ட பிறகு நின்று படம் எடுக்க நேரமில்லை. பருவத் தொடக்கத்தில் வெயில் கடுமை. உடனே தோலை உரித்து, பனிக்கட்டி நிரம்பிய பெட்டிக்குள் இறைச்சியை வைத்துவிட வேண்டும். பிராங்ஹார்ன் கறி நாறும் என்று சொல்கிறவர்கள் வண்டியின் பின்னால் அரை நாள் வெயிலில் கிடந்ததைச் சாப்பிட்டிருப்பார்கள். சரியாகக் குளிர்வித்த கறி, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தால் இளம் ஆட்டுக்கறியை விட நன்றாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 2022-23 குளிர்காலம் மேற்கு வயோமிங்கையும் வடமேற்குக் கொலராடோவையும் உலுக்கிவிட்டது. பனி உறைந்து இறுகி, மானும் பிராங்ஹார்னும் கொத்துக் கொத்தாக மடிந்தன. இரு மாநிலங்களும் சீட்டுகளைக் குறைத்தன. பத்து ஆண்டு பழைய புகழை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்தப் பகுதியின் வனவிலங்குத் துறை உயிரியலாளர்கள் தொலைபேசியில் பொறுமையாகப் பேசுவார்கள். "எங்கே சுடலாம்?" என்று கேட்காமல், "குட்டிகள் குளிர்காலத்தைத் தாண்டினவா?" என்று கேளுங்கள், நிறையச் சொல்வார்கள்.

நண்பர்களாகச் சேர்ந்து விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் விதியைக் கவனியுங்கள். கொலராடோவில் குழுவிலேயே குறைந்த புள்ளி யாருடையதோ அதுதான் எல்லாருக்கும் கணக்கு. வயோமிங்கில் சராசரி எடுக்கிறார்கள். ஆறு புள்ளிக்காரர் ஒருவர் புள்ளியே இல்லாத தம்பியை அழைத்துப் போக வயோமிங்கில் வழியுண்டு, மூன்று புள்ளியாக.

கொலராடோவில் 2025 முதல், இன்டர்ஸ்டேட் 25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வில் வேட்டைக்கான எல்க் டேக்கை வெளிமாநிலத்தவர் நேரடியாகக் கடையில் வாங்க முடியாது. பலருக்கு அது மனக்கசப்பு. ஆனால் குலுக்கலில் முதல் தேர்வாகப் புள்ளியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவது தேர்வில் ஒரு வேட்டையைக் கேட்கலாம். கிடைத்தால் வேட்டைக்கும் போகலாம், புள்ளியும் சேரும். பெண் எல்க் டேக் இந்த வழியில் பல இடங்களில் கிடைக்கிறது. அரிசிச் சோற்றோடு சாப்பிடத்தான் வேட்டை என்பவருக்குக் கொம்பில்லாத எல்க்கில் ஒரு குறையும் இல்லை. மான் இனங்களைத் தாக்கும் நாட்பட்ட உடல்தேய்வு நோயை முதன்முதலில் 1967இல் கண்டதும் கொலராடோவில்தான். அதனால் தலையையும் முதுகெலும்பையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவரக் கட்டுப்பாடுகள் உண்டு. எலும்பு நீக்கிய இறைச்சியாகக் கொண்டுவருவதே பத்திரம். பரிசோதனைக்கு மாதிரி கொடுத்து, முடிவு வந்த பிறகு சமையுங்கள்.

அரிசோனாவில் விண்ணப்பிக்கவே வேட்டை உரிமம் வாங்க வேண்டும். நான் கட்டி வந்தது 160 டாலர், திரும்ப வராது. வெளியாருக்கு அதிகபட்சம் 10 சதவீதம். கிராண்ட் கேன்யனை ஒட்டிய எல்க்கும் வடக்கே கைபாப் பீடபூமியின் பெரிய காதுள்ள மியூல் மானும் கனவு வேட்டைகள்தான். ஆனால் மாணவராகவோ வேலைக்குப் புதியவராகவோ இருப்பவருக்கு அந்தப் பணத்தில் ஒரு பிராங்ஹார்ன் பயணத்தின் பெட்ரோல் செலவில் பாதி அடங்கிவிடும். நெவாடாவில் புள்ளியை வர்க்கப்படுத்துகிறார்கள், பத்து புள்ளிக்காரர் பெயர் நூறு முறைக்கு மேல் பானையில் விழும். யூட்டாவும் நீண்ட காத்திருப்பு. முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் தொடங்கலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

மொன்டானா வெளியாருக்கான எல்க்-மான் கூட்டு உரிமத்தை 17,000 என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றாலும், பல வாரங்கள் நீளும் பருவமும் பரந்த நிலமும் அந்த விலைக்குத் தகும். ஐடஹோவில் முன்பெல்லாம் டிசம்பர் முதல் நாள் இணைய வரிசையில் நின்று வாங்க வேண்டியிருந்தது. 2026 பருவத்திலிருந்து அதையும் குலுக்கலாக்கிவிட்டார்கள், விண்ணப்பம் முந்தைய டிசம்பரிலேயே. புள்ளி இல்லாத மாநிலம் என்பதால் ஐடஹோவை என் பட்டியலில் மேலே கொண்டுவந்திருக்கிறேன்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. மத்தியச் சட்டம் அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு தருகிறது. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். தேதியைக் கவனிக்காமல் துப்பாக்கியைத் தொட வேண்டாம். வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

தேதி பார்க்கும்போது தீபாவளியையும் பாருங்கள். கொலராடோவின் இரண்டாம் துப்பாக்கிப் பருவமும் நியூ மெக்சிகோவின் அக்டோபர் வேட்டைகளும் பல ஆண்டுகளில் பண்டிகையை ஒட்டியே வருகின்றன. அதனால் நான் நியூ மெக்சிகோவில் மூன்று தேர்வுகளையும் அக்டோபர் முதல் பாதியிலேயே போடுகிறேன். வயோமிங்கில் பிராங்ஹார்ன், கொலராடோவில் இரண்டாவது தேர்வாகப் பெண் எல்க், டிசம்பரில் ஐடஹோ. இந்த நான்கில் ஏதாவது ஒன்று பெரும்பாலான ஆண்டுகளில் அமைந்துவிடுகிறது.