ரஜனீஷ்புரம்: ஆறு பாகத்தில் ஒரு நிலத் தகராறு

ரஜனீஷ் என்ற பெயரிலும் அறியப்பட்ட ஓஷோவின் சீடர்கள் அமெரிக்காவில் கட்டிய ரஜனீஷ்புரம் என்ற ஊரைப் பற்றிய ‘வைல்ட் வைல்ட் கன்ட்ரி’ ஆவணத்தொடர் 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. சாப்மன் வே, மெக்லைன் வே என்ற சகோதரர்கள் இயக்கியது. அந்த ஆண்டே எம்மி விருதும் வாங்கியது. சாமியார் படம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். நில அனுமதி, வாக்காளர் பட்டியல், ஊர்ப்பெயர் என நம் பஞ்சாயத்துகளில் நாள்தோறும் அடிபடும் சங்கதிகள்தான் ஆறு பாகமும்.

1981இல் ஓரிகன் மாநிலத்தில் 64,000 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை 57.5 லட்சம் டாலருக்கு வாங்குகிறார்கள். சதுரக் கிலோமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 259. நம் களக்காடு சரணாலயம் 251. ஆனால் அது விவசாய நிலம். நினைத்தபடி வீடு கட்டச் சட்டம் விடாது, இங்கே வயலைப் பிளாட் போட டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதிக்கு அலைவதைப் போலத்தான். அதனால் 1982இல் அந்த நிலத்திலேயே ஒரு நகரத்தைப் பதிவு செய்கிறார்கள். பக்கத்தில் ஆன்டிலோப் என்ற குட்டி ஊர். அங்கே வீடுகளை வாங்கி, குடியேறி, ஓட்டுப் போட்டு, கவுன்சிலைப் பிடித்து, ஊர்ப்பெயரையே ‘ரஜனீஷ்’ என்று மாற்றிவிட்டார்கள்.

மதத்துக்காகத் தனி ஊர் அமைப்பது திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதில்லை. விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக 1799இல் நிலம் வாங்கி எழுப்பியதுதான் சாத்தான்குளம் பக்கத்து முதலூர். அதனால் ‘எங்களை வாழ விடுங்கள்’ என்ற சீடர்களின் குரல் நமக்கு உடனே எட்டுகிறது. அதே சமயம், சொந்த ஊரின் பெயரையே பறிகொடுத்த ஆன்டிலோப் முதியவர்களின் முகத்தையும் பார்க்கத் தாங்கவில்லை. இரண்டு தரப்பையும் முழுதாகப் பேசவிட்டதுதான் இந்தத் தொடரின் பெரிய பலம். ஓஷோவின் செயலாளர் மா ஆனந்த் ஷீலா, அத்தனைக்கும் பிறகும் குரல் நடுங்காமல் பதில் சொல்கிறார். வக்கீல் நிரேன் குருவைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குகிறார்.

தவறவிடக் கூடாதது 1984ஆம் ஆண்டுப் பகுதி. நவம்பர் மாவட்டத் தேர்தலைப் பிடிக்க, வீடற்றவர்களைப் பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். புதிதாகப் பதியும் ஒவ்வொருவரையும் நேரில் விசாரிப்போம் என்று அதிகாரிகள் சொன்னதும் அந்தத் திட்டம் படுத்துவிட்டது. அதே சமயத்தில், உள்ளூர்க்காரர்களை ஓட்டுச்சாவடிக்கு வரவிடாமல் செய்ய ஒத்திகை பார்த்தார்கள். சால்மோனெல்லா கிருமியை வளர்த்து, த டாலஸ் நகரின் பத்து உணவகங்களில் சாலட்டில் கலந்தார்கள். 751 பேருக்கு நோய். நல்லவேளை, யாரும் சாகவில்லை. சமையல் ஆட்களின் கைச்சுத்தக் குறைவு என்றுதான் சுகாதாரத் துறை முதலில் முடிவு கட்டியது. 1985இல் ஷீலா வெளியேறி, ஓஷோவே பத்திரிகையாளர்களிடம் அவர்மீது குற்றம் சாட்டிய பிறகுதான் கிருமி வளர்த்த ஆய்வுக்கூடம் அகப்பட்டது.

குறையும் உண்டு, சின்னதல்ல. படித்தவர்கள் எதற்காக ஓஷோவின் பின்னால் போனார்கள் என்பதற்குப் பதிலில்லை. போதனை பற்றி மேலோட்டமாக நாலு வரிதான். அங்கே வளர்ந்த பிள்ளைகளின் கதை அறவே இல்லை. கம்யூனில், அதாவது சீடர்களின் கூட்டுக் குடியிருப்பில், துன்புறுத்தப்பட்டதாகப் பின்னால் பலர் வெளிப்படையாகப் பேசியிருக்கும்போது, இந்த விடுபடலை மன்னிக்க முடியவில்லை.

பார்ப்பவர்களுக்கு: ஒவ்வொரு பாகமும் ஒரு மணி நேரம் ஓடும், ஒரு மாலைக்கு இரண்டு போதும். சீடர்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர், ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிகன்காரர்களின் இழுவை ஆங்கிலம் பிடிபடாது, சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள். தொடக்கப் பாகங்களில் புனே ஆசிரமத்து நிர்வாணக் காட்சிகள் வருகின்றன. பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.