மார்க் நின்றுபோன நேரத்தில் வரும் போன்: கிளாட் எழுதும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

டிசம்பர் தொடக்கத்தில் கிளாட், அதாவது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு, 120 மார்க்குக்கு. செப்டம்பர் கடைசியிலேயே வீடுகளுக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "உங்க பொண்ணு மாக்ல 68-லயே நிக்கிறாங்க மேடம். ஸ்கோர் பூஸ்டர் பேட்ச்ல சேத்துவிடுங்க. 60 நாள்ல 100 மாக். 90 மார்க் கேரண்டி." பெண்ணின் மார்க் அவருக்கு எப்படித் தெரிந்தது? இலவச மாக், அதாவது மாதிரித் தேர்வு, எழுதுவதற்குப் போன் நம்பர் கொடுத்தீர்களே, அங்கிருந்துதான். மார்க் நகராமல் நிற்கும் பிள்ளைகளின் பட்டியல்தான் இந்த வியாபாரத்துக்கு முதல்.

முதலில் அந்த 100-ஐக் கணக்குப் போடுங்கள். ஒரு மாக் எழுத 2 மணி நேரம், அதைக் கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பார்க்க இன்னும் 3 மணி. மொத்தம் 500 மணி, அதாவது நாளுக்கு 8 மணிக்கு மேல். பிளஸ் டூ வகுப்பும் கூடவே ஓடுகிறது. பிரித்துப் பார்ப்பதுதான் முதலில் விட்டுப்போகும். பிறகு மிஞ்சுவது அதே தப்பை 100 தடவை செய்து பழகுவது.

மார்க் ஏறியதுபோல் காட்ட ஒரு சுலப வழி உண்டு. சேர்ந்த வாரம் வைக்கும் 'டயக்னாஸ்டிக்' தேர்வில் 700 சொல் பத்திகள், இரண்டு விடை பொருந்துகிற கேள்விகள். பிள்ளை 52 வாங்கும். ஆறாவது வாரத் தாள் லேசானது, 80 வரும். 28 மார்க் ஏறிவிட்டதாக வரைபடம் போட்டு அனுப்புவார்கள். உண்மையான தாளில் பத்தி சுமார் 450 சொல்தான். நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினார் என்று காட்டும் பர்சென்டைலும் அப்படியே: அந்த மாக்கை எழுதியவர்களுக்குள் மட்டும் போட்ட கணக்கு அது.

நம்பக்கூடிய அளவுகோல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட பழைய வினாத்தாள்கள்தான். பணம் கட்டும் முன் ஒன்றை நேரம் வைத்து எழுதி மார்க்கைக் குறித்து வையுங்கள், இன்னொன்றைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். 120 கேள்வித் தாள் 2024 கிளாட்டில்தான் வந்தது. 2020 முதல் 2023 வரையிலான தாள்களில் 150 கேள்வி. அவை பயிற்சிக்கு நல்லவை, ஒப்பிட ஆகாது. 4, 5 மார்க் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கவும் வேண்டாம், தாளுக்குத் தாள் கடினம் மாறும்.

அடுத்தது 'அக்யூரசி' வித்தை, அதாவது தொட்ட கேள்வியில் எத்தனை சரி என்ற துல்லியக் கணக்கு. சரியான விடைக்கு 1, தப்புக்கு 0.25 கழிவு. பிள்ளை 108 கேள்வி தொட்டு 76 சரி, 32 தப்பு என்றால் 76-இல் 8 போக 68. "சந்தேகம்னா தொடாதே" என்று சொல்லிக்கொடுத்த பிறகு 90 தொட்டு 70 சரி, 20 தப்பு. 70-இல் 5 போக 65. துல்லியம் 70 சதவீதத்திலிருந்து 78 ஆகிவிட்டது என்று ரிப்போர்ட் வரும். மார்க் 3 குறைந்தது அதில் ஓரமாக இருக்கும்.

இந்தக் கழிவு முறையில் ஐந்துக்கு ஒரு தடவை சரியாக இருந்தாலே நட்டமில்லை. நான்கு விடையில் கண்ணை மூடிக் குறித்தால்கூட சராசரியில் துளி லாபம். இரண்டை நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் கேள்விக்கு 0.375. ஆகவே விட்டுவிட வேண்டியது கேள்வியை அல்ல, அதில் மூன்று நிமிடம் உட்கார்ந்திருப்பதை.

சரி, மார்க் ஏன் நிற்கிறது? அதைக் கண்டுபிடிக்க எந்த பேட்ச்சும் வேண்டாம். மாக் எழுதும்போது சந்தேகமான கேள்விகளின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். முடித்ததும் விடைக்குறிப்பைத் திறக்காமல், கடிகாரமும் இல்லாமல், புள்ளி வைத்தவற்றையும் விட்டவற்றையும் வேறு நிற மையில் மறுபடி போடுங்கள். பிறகு இரண்டுக்கும் தனித்தனியாக மார்க் போடுங்கள். நேரத்தோடு 68, நேரமில்லாமல் 86 என்றால் புரிதல் சரி, வேகமும் கேள்வி எடுக்கும் வரிசையும்தான் கோளாறு. 68-ம் 71-ம் என்றால் வாசிப்பிலேயே ஓட்டை. வேகப் பயிற்சி அங்கே பணவிரயம். இதைக் கேட்காமல் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒரே பேட்ச்சில் உட்கார வைப்பவர் விற்பது மாக்கை மட்டும்தான்.

சட்டத் தருக்கப் பகுதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் அதிகம் படித்ததுதான், வேடிக்கையாகத் தோன்றினாலும். பத்தியில் "தன் நிலம் என்று நினைத்துக் கால் வைத்தாலும் அத்துமீறலே" என்று விதி இருக்கும். குற்றச் சட்டத்தில் அத்துமீறலுக்குத் தீய நோக்கம் வேண்டும் என்று மனப்பாடம் செய்த பிள்ளை அதை நுழைத்துத் தப்பு செய்யும். கிளாட்டுக்கு முன்கூட்டிச் சட்ட அறிவு தேவையில்லை என்று பாடத்திட்டமே சொல்கிறது. புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளைத் தனி 'பேக்' ஆக விற்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நடப்பு நிகழ்வுகளில் மட்டும் கதை வேறு: தெரிந்தால் 30 விநாடி, தெரியாவிட்டால் யோசித்துப் பயனில்லை. அந்த 28 முதல் 32 கேள்விகளை 15 நிமிடத்துக்குள் முடிப்பவருக்கு மற்ற இடங்களில் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

மாக் எல்லாம் செல்போனிலேயே என்றாலும் உஷார். உண்மையான தேர்வு காகிதத் தாளில், ஓஎம்ஆர் விடைத்தாளில் பேனாவால் வட்டம் நிரப்ப வேண்டும். வீட்டில் அச்செடுத்து எழுதாத பிள்ளைக்குக் கடைசியில் நிமிடங்கள் போகும்.

பணத்துக்கு வருவோம். "மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டலாம்" என்பது பல நேரம் தவணை அல்ல, பெற்றோர் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். ஓடிபி சொன்ன நொடியில் முழுப்பணமும் பயிற்சி மையத்துக்குப் போய்விடும். பிள்ளை பாதியில் நின்றாலும் கடன் நிற்காது, கட்டாவிட்டால் பெற்றோரின் சிபில் (கடன் நம்பகத்தன்மை) மதிப்பெண் அடிவாங்கும். டிஜிட்டல் கடனிலிருந்து அபராதமின்றி விலக ஒரு குறுகிய கால அவகாசம் உண்டு. அது எத்தனை நாள் என்று கடனின் முக்கிய விவரத் தாளில் பார்த்துவிட்டு ஓடிபி சொல்லுங்கள்.

'90 கேரண்டி, இல்லாவிட்டால் பணம் வாபஸ்' என்றால் நிபந்தனைப் பக்கத்தைக் கேளுங்கள். வகுப்பு ஒன்று தவறினாலும் செல்லாது என்ற வகை வரி அங்கேதான் இருக்கும். 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல் மார்க், ரேங்க் உத்தரவாதத்தையே கூடாது என்கிறது; பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளில் திருப்பச் சொல்கிறது. அது தனிச் சட்டம் அல்ல, ஆனால் பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் எடுத்துக்காட்டலாம். அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விளம்பர விதிகளின்படி, பேனரில் இருக்கும் டாப்பர் எந்த கோர்ஸ் படித்தார் என்பதை மறைக்கக் கூடாது. ஒரே முகம் மூன்று மையங்களின் பேனரில் சிரிப்பதன் ரகசியம் அங்கே உடையும்: ஒன்றில் படித்திருப்பார், மற்றதில் இலவச மாக் மட்டும் எழுதியிருப்பார்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் போனில் பேசிப் பயனில்லை. ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கேரண்டி சொன்ன வாட்ஸ்அப் செய்தி, நடந்த வகுப்புகளின் தேதி எல்லாவற்றையும் சேர்த்து மின்னஞ்சலில் பணத்தைக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.