தம்புராவுக்கு அடியில் ஓர் உறுமல்: டாப்பிங் இ30 டிஏசியுடன் நான்கு ஆண்டுகள்

பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் ஓடும் அரை நிமிடத் தம்புரா போதும், ஒரு வீட்டின் ஒலி அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். என் வீட்டில் அந்த அரை நிமிடம் பல ஆண்டுகள் தொல்லை கொடுத்தது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண் கலைஞர்களின் பதிவை வைத்தால், தம்புரா நாதம் விம்மி விம்மி அடங்கும். மீட்டியவரின் கைவாகு அப்படி என்றுதான் முதலில் நினைத்தேன். அதே பதிவை ஒரு நாள் கைபேசியில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது, நாதம் ஒரே சீராக ஓடியது.

தாளில் எழுதிப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. ஐந்து கட்டை ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். மந்தர ஸட்ஜம் அதில் பாதி, 98. பஞ்சமத் தந்தி ஏறக்குறைய 147. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் 100, 150, 200. தம்புராவின் ஒவ்வொரு தந்திக்கும் பக்கத்திலேயே மின்சாரத்தின் ஓர் உறுமல் உட்கார்ந்திருந்தது. கிட்டத்தட்ட ஒன்றான இரண்டு சுருதிகள் மோதினால் என்ன ஆகும் என்பது தம்புரா கூட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். 98உம் 100உம் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு விம்மல். நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

அப்போது பாட்டெல்லாம் கணினியிலிருந்து, மதர்போர்டின் பச்சைத் துளை வழியாக, பழைய ஆம்ப்ளிபயருக்குப் போய்க்கொண்டிருந்தது. சிடி தரப் பாட்டு என்பது இடது, வலது என ஒவ்வொரு ஸ்பீக்கர் பக்கத்துக்கும் நொடிக்கு 44,100 எண்கள். அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றுவதுதான் டிஏசி எனப்படும் டிஜிட்டல்-அனலாக் மாற்றியின் வேலை. கணினிக்குள்ளும் ஒரு டிஏசி உண்டு. ஆனால் மின்விசிறி மோட்டார்களுக்கும் பவர் சப்ளைக்கும் நடுவில் அது குடியிருக்கிறது. அதை வெளியே கொண்டுவந்துவிட்டால் உறுமல் போய்விடும் என்று நம்பி, 2021 தொடக்கத்தில் டாப்பிங் இ30 வாங்கினேன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய உலோகப் பெட்டி. யுஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்சியல் என்று மூன்று வழியில் உள்வாங்கும். ஆம்ப்ளிபயருக்குப் போகும் ஒரு ஜோடி ஆர்சிஏ துளைகள் வழியாக வெளியே அனுப்பும். ஹெட்போன் துளை கிடையாது. பெட்டியோடு அடாப்டர் வராது. 5 வோல்ட் மின்சாரத்துக்கு ஒரு யுஎஸ்பி கம்பி மட்டும் தருகிறார்கள். இந்தக் கம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் யுஎஸ்பியில் இணைத்துப் பாட்டைப் போட்டதும் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், நெஞ்சில் வந்து விழுந்தது. வீணையின் மீட்டு பளிச்சென்று கேட்டது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கும் வித்தியாசம் தெரிந்தது. பாட்டு முடிந்து அமைதியானபோது, அதே உறுமல் அங்கேயே இருந்தது.

குற்றம் டிஏசியில் இல்லை. கணினிக்கு மூன்று முள் பிளக், ஆம்ப்ளிபயருக்கும் மூன்று முள் பிளக், இரண்டும் வெவ்வேறு சுவரில். எர்த் கம்பி சுவருக்குள் இரண்டையும் ஏற்கெனவே இணைத்திருக்கிறது. யுஎஸ்பி கேபிளும் ஆர்சிஏ கேபிளும் வெளியே இன்னொரு முறை இணைக்கின்றன. வளையம் பூர்த்தியாகிறது, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் ஸ்பீக்கரில் உறுமலாக வருகிறது. ஆம்ப்ளிபயரின் எர்த் முள்ளைப் பிடுங்கிவிட்டால் சரியாகும் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உள்ளே ஒரு கம்பி அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டால் உயிர் போகும்.

சரியான வழி ஆப்டிகல் கேபிள். அதில் ஓடுவது வெளிச்சம், செம்பு இல்லை. வளையம் அங்கே அறுந்துவிடும். நானூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி மாட்டினேன். உறுமல் போகவில்லை. இரண்டு நாள் குழம்பினேன். மூன்றாம் நாள் பெட்டியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: மின்சாரத்துக்கான அந்தக் கம்பி இன்னும் கணினியின் யுஎஸ்பி துளையில் செருகியிருந்தது. பாட்டுக்கு வெளிச்சத்தில் பாதை போட்டுவிட்டு, எர்த்துக்கு அந்தக் கம்பியில் வழி விட்டிருக்கிறேன். அதைப் பிடுங்கி, இரண்டு முள் கைபேசிச் சார்ஜரில் மாட்டினேன். ஒலியளவுக் குமிழை முழுவதும் திருப்பி, ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தேன். மெல்லிய காற்றுச் சத்தம், அவ்வளவுதான். தம்புராவைப் போட்டேன். நாதம் அசையாமல் நின்றது. அன்று இரவு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இ30இல் நான் அதிகம் பார்க்கும் உறுப்பு அதன் சிறிய எண் திரை. உள்ளே வரும் சிக்னலின் மாதிரி வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் எண்கள் என்பதை, அது காட்டும். சிடியிலிருந்து எடுத்த பாட்டு ஓடும்போது 44.1 என்று காட்ட வேண்டும். எனக்குப் பல வாரங்கள் 48 என்றே காட்டியது. விண்டோஸ் எல்லா ஒலியையும் ஒரே வேகத்துக்கு மாற்றித்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. விண்டோஸின் ஒலி செட்டிங்ஸுக்குள் போய் 44.1க்கு மாற்றி வைத்தேன். காதுக்கு வித்தியாசம் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இருக்கும் எண்ணை இருக்கிறபடியே கொண்டு சேர்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி: ஒலி மேம்பட்டதா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்கு ஓராண்டு பிடித்தது. முதல் நாள் விழுந்த அந்தத் தொப்பி அடியை மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை முழு அளவில் ஓடவிட்டால் மதர்போர்டு 1.2 வோல்ட் தந்தது, இ30 2 வோல்ட். ஏறக்குறைய நாலரை டெசிபல் அதிகம். எங்களுக்குப் பிடித்துப்போனது பெரும்பாலும் அந்தச் சத்தம்தான்.

பிறகு என்னுடைய பழைய சிடி பிளேயரை எடுத்தேன். அதன் நேரடி வெளியீட்டை ஆம்ப்ளிபயரின் ஒரு துளைக்கும், ஆப்டிகல் வெளியீட்டை இ30 வழியாக இன்னொரு துளைக்கும் கொடுத்தேன். ஒரே சிடி, ஒரே நேரம், இரண்டு டிஏசி. நான் கண்ணை மூடிக்கொள்ள, மகள் ஆம்ப்ளிபயரில் துளையைத் தேர்ந்தெடுக்கும் குமிழைத் திருப்பினாள். இருபது முறையில் பதினாறு முறை இ30ஐச் சரியாகச் சொன்னேன். பெருமையாக இருந்தது. மறுநாள் அளந்தபோது சிடி பிளேயர் 1.9 வோல்ட், இ30 2 வோல்ட். அரை டெசிபலுக்கும் குறைவான வித்தியாசம். இ30இன் ரிமோட்டில் ஒரு படி ஒலியளவைக் குறைத்து இரண்டையும் சமமாக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். இருபதில் பதினொன்று. நாணயம் சுண்டினாலும் அவ்வளவு வரும்.

இதைக் குறையாக நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு டிஏசிகள் ஒரே மாதிரிதான் ஒலிக்க வேண்டும். எண்ணில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் தருவதுதானே அவற்றின் வேலை. இ30இன் உள்ளே இருப்பது ஏகேஎம் நிறுவனத்தின் ஏகே4493 சிப். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் இருந்த அந்த நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்து எரிந்தது. பல டிஏசி தயாரிப்பாளர்கள் ஈஎஸ்எஸ் என்ற வேறு நிறுவனத்தின் சிப்புகளுக்கு மாறினார்கள். பழைய ஏகேஎம் சிப்பில்தான் இனிமை என்று தேடித் தேடி அதிக விலை கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். என் இருபது முறைச் சோதனைக்குப் பிறகு நான் அப்படிச் செலவு செய்ய மாட்டேன். அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம், அல்லது ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போடலாம். அந்த மாற்றம் உறுதியாகக் காதில் விழும். இ30இல் ஒலியைச் சற்று வெவ்வேறு விதமாக வடிக்கும் ஆறு ஃபில்டர்கள் இருக்கின்றன. ஆறையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு முதலாவதிலேயே விட்டுவிட்டேன்.

நான்கு கோடை கடந்தும் பெட்டி லேசான சூட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு முறைகூடப் பாட்டு நடுவில் அறுந்ததில்லை. ஆப்டிகல் கேபிளை மட்டும் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அலமாரியைச் சுவரோடு தள்ளியபோது முதல் கேபிள் பாழானது.

போன மாதம் எதிர்வீட்டு அண்ணன் வந்து கேட்டுவிட்டு, "தம்பி, என் லேப்டாப்பிலும் இதே உறுமல்தான். நானும் ஒன்று வாங்கிவிடட்டுமா?" என்றார். அவர் வீட்டுக்குப் போனேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பின் மூன்று முள் சார்ஜரைக் கழற்றினேன். உறுமல் அந்த நொடியே நின்றது. "இன்றைக்கு பேட்டரியில் கேளுங்கள் அண்ணா, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் இன்னும் பேட்டரியில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.