தாமோதரனின் இலவச எக்ஸெல் கோப்புகள்: ஒரு மதிப்பீட்டாளரின் விமர்சனம்

பங்குதாரர் போட்ட பணத்துக்கு எத்தனை சதவீதம் எதிர்பார்ப்பார்? பங்கு மூலதனச் செலவு என்பது இந்தக் கேள்விக்கான பதில்தான். அதைக் கணக்கிட எங்கள் கோவை அலுவலகத்தில் சந்தா கட்டி ஒரு தரவுச் சேவையை வைத்திருந்தோம். பீட்டா என்று ஓர் எண்ணைக் கொடுக்கும்; சந்தை ஏறி இறங்கும்போது ஒரு பங்கு அதைவிட எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ ஆடுகிறது என்பதற்கான அளவு அது. எந்த நிறுவனங்களை வைத்து, எத்தனை ஆண்டு விலையைக் கொண்டு போட்டது என்று கேட்டால் பதில் வராது. அதை நிறுத்திவிட்டு, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரனின் கோப்புகளுக்கு மாறினோம். சென்னை லயோலா கல்லூரியில் பி.காம். படித்த மனிதர்.

கோப்புகள் இருக்கும் அவருடைய இணையதளத்தின் தோற்றத்தைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். அழகு கிடையாது; விளம்பரமும் கடவுச்சொல்லும்கூடக் கிடையாது. ஜனவரிதோறும் எல்லாக் கோப்புகளும் புதுப்பிக்கப்படுகின்றன, இந்தியாவுக்குத் தனிக் கோப்பும் உண்டு. அமெரிக்கச் சந்தையின் ரிஸ்க் பிரீமியத்தை, அதாவது இடரற்ற வட்டிக்கு மேல் பங்குகளிடம் எதிர்பார்க்கும் கூடுதல் வருமானத்தை, அவர் கடந்தகாலச் சராசரியிலிருந்து எடுப்பதில்லை. இன்றைய பங்குச் சந்தைக் குறியீட்டின் விலையையும் வரவிருக்கும் பணவரவையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார். 2008 தொடக்கத்தில் 4.37 சதவீதமாக இருந்தது 2009 தொடக்கத்தில் 6.43 ஆனது. சராசரி முறையில் போட்டால் சந்தை சரிந்த ஆண்டும் உள்ளே சேர்ந்து, ஊரே நடுங்கிய நேரத்தில் பிரீமியம் இறங்கியதாகக் காட்டும்!

இந்தியாவுக்கு வரும்போதுதான் கவனம் தேவை. கடன் தரமதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் நமக்குத் தந்திருக்கும் பிஏஏ3 தரமதிப்பீட்டிலிருந்து நாட்டின் கடன் இடரை (நாடு கடனைத் திருப்பாமல் போகலாம் என்பதற்காகக் கேட்கும் கூடுதல் வட்டியை) எடுத்து, கடன்பத்திரத்தைவிடப் பங்குகள் எவ்வளவு கூடுதலாக ஏறி இறங்குகின்றன என்ற விகிதத்தால் பெருக்கி, அமெரிக்கப் பிரீமியத்தோடு கூட்டுகிறார். 2025 ஜனவரியில் அங்கே 4.33, நமக்கு ஏழேகாலை ஒட்டி வந்தது. இதை எடுத்துக்கொண்டவர், அரசுப் பத்திர வட்டியிலிருந்து அதே கடன் இடரைக் கழித்தாக வேண்டும். இல்லையென்றால் ஒரே இடர் இரண்டு முறை ஏறிவிடும். என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் பாதியில் இந்தக் கழித்தலைக் காணோம்.

ஒரு நூற்பாலைக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக மட்டுமே. பத்திர வட்டி 7, கடன் இடர் 2, ஆக இடரற்ற வட்டி 5. ஆலைக்குக் கடனே இல்லை என்று வைத்துக்கொண்டால் பீட்டா 0.8; பங்கு மதிப்பில் கடன் 60 சதவீதம், வரி 25 சதவீதம் என்றால் கடனையும் சேர்த்த பீட்டா 1.16. அதை 7.25 ஆல் பெருக்கி 5 கூட்டினால் 13.4 சதவீதம். கழிக்க மறந்தால் 15.4. ஆண்டுக்கு ஒரு கோடி, வளர்ச்சி இல்லாமல் என்றென்றும் வரும் ஆலையின் மதிப்பு முதல் கணக்கில் சுமார் 7.46 கோடி, இரண்டாவதில் 6.49 கோடி. ஒரு கழித்தலுக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடி!

எனக்கு மிகவும் பிடித்தது மொத்த பீட்டா கோப்பு. சந்தை பீட்டாவை, சந்தையோடு அந்தத் துறைக்குள்ள ஒட்டுறவால் (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே நகர்கின்றன என்ற அளவால்) வகுக்கும் சங்கதி. ஒட்டுறவு 0.5 என்றால் நம் 1.16 அப்படியே 2.32 ஆகிறது; மூலதனச் செலவு 21.8 சதவீதத்துக்குப் போகிறது. ஆலை முதலாளிகள் இதைக் கேட்டுக் கொதிப்பார்கள். ஆனால் யார் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். பல நிறுவனங்களில் பணத்தைப் பிரித்துப் போட்டிருக்கும் ஆயிரம் கைகளில் பங்குகள் இருக்கும் ஒரு பட்டியலிட்ட குழுமம் வாங்கினால் 13.4 போதும். தன் சொத்து முழுவதையும் அதே ஆலையில் கொட்டப்போகும் இன்னொரு குடும்பம் வாங்கினால் அதற்கு அந்த எண் எப்படிப் பொருந்தும்? “நிறுவனத்துக்கே உரிய இடர்” என்று நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் 3, 5 சதவீதங்களைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

குறை இல்லாமலில்லை. துறைப் பட்டியலில் நூற்பாலைக்குத் தனி வரி கிடையாது. ஆடைத் துறையைத்தான் எடுக்க வேண்டும். பஞ்சு விலையில் உயிரை வைத்திருக்கும் ஆலையும் சட்டை விற்கும் பிராண்டும் ஒரே தட்டில் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் பீட்டாவை மட்டும் பட்டியலிட்ட நூற்பாலைகளை வைத்து நாங்களே போட்டுக்கொள்கிறோம். மற்ற எண்களை அவரிடமிருந்து எடுக்கிறோம். எடுத்த கோப்பை அன்றைய தேதியோடு அறிக்கையில் இணைத்துவிடுங்கள். அடுத்த ஜனவரியில் அதே பக்கத்தில் வேறு எண் இருக்கும். பழையவை காப்பகத்தில் கிடைக்கும் என்றாலும், கேள்வி கேட்கும் வரி அதிகாரியை அங்கே போய்த் தேடச் சொல்ல முடியாது.